ஜீப் அண்ணன் கேட்ட ஹோஸ்

அவருக்குத் தெரிந்திருந்ததா? குழந்தைக்குச் சோறு பிசையும்போதும், கொடியில் துணி உலர்த்தும்போதும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் இந்த ஒரு கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அவரிடம் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் பேசாமல் இருந்தாரா, கடைசிவரை நம்பிக்கொண்டே இருந்தாரா? இந்த இரண்டில் எது உண்மையாக இருந்தால் என் மனம் கொஞ்சம் லேசாகும் என்பதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்களும் குறைவு. பெரியவர்களுக்கு அவர் ஜீப்காரர். எனக்கு ஜீப் அண்ணன். பிள்ளைகளுக்கு ஜீப் மாமா. திருவையாற்றுக்குக் கிழக்கே, ஒரு பக்கம் ஆறும் இன்னொரு பக்கம் வாய்க்காலுமாகப் போகிற குறுகலான சாலையில் எங்கள் ஊர். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஜீப் அவருடையது.

ராணுவத்தில் ஓடி, ஏலத்தில் வந்த பெட்ரோல் ஜீப் அது. மிராசுதார் வீட்டில் வெகுகாலம் நின்றது. ஜீப் அண்ணன்தான் அங்கே டிரைவர். மிராசுதாரின் மகன்கள் இருவரும் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனார்கள். பிறகு நிலத்தை விற்று, பெற்றோரையும் அழைத்துக்கொண்டார்கள். கிளம்புகிற சமயத்தில், "உனக்கு என்ன வேணும், கேளு" என்றிருக்கிறார்கள். "ஜீப்பக் குடுங்க" என்றிருக்கிறார். அதற்குள் யாரோ வந்துவிட, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை. ஊரைவிட்டுப் புறப்படுகிற அன்று காலையில் மிராசுதாருக்கே நினைவு வந்து சாவியைக் கையில் கொடுத்தாராம்.

"அவருக்கு ஞாபகம் வராம போயிருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன பண்றது, ஜீப்பு இல்லாம இருந்திருப்பேன்" என்றார். சிரிக்கவுமில்லை, வருத்தப்படவுமில்லை.

அவரைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன். எதையும் ஒருமுறைதான் கேட்பார். காலையில் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றால் ஒரே ஒரு ஹார்ன். அதற்கு மேல் கிடையாது. மிக்ஸி ஓடுகிற வீட்டில் காதில் விழாமல் போனால் பிள்ளை ஜீப்பைத் தவறவிட்டதுதான். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், ரிப்பன் கட்டிக்கொண்டிருந்ததில் எனக்குக் கேட்கவில்லை. ஜீப் நகர்வதைப் பார்த்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதகுவரை ஓடினேன். அங்கே நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ அடிச்சா என்னண்ணே?"

"அடிச்சேனேம்மா" என்றார். அவருடைய கணக்கில் பதில் முடிந்துவிட்டது.

மாதா கோயில் திருவிழாவில் ஒருமுறை பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். "தம்பி, ரசம்" என்று ஒருமுறை சொன்னார். பரிமாறுகிறவர் காதில் விழவில்லை, மோருக்குப் போய்விட்டார். வெறும் சோறு இலையில் இருக்க, அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்து, "பாத்தீங்களா டீச்சர்? வீட்டுலயும் இதே கூத்துதான். 'பசிக்குது'ன்னு ஒரு தடவ சொல்லுவாரு. தாளிக்கிற சத்தத்துல எனக்குக் கேக்கலன்னா அன்னிக்கு அவருக்கு உபவாசம். எனக்குப் பாவம் வேற" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நான் பி.எட். படித்தவள். வேலைக்குப் போகவில்லை. மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதால் டீச்சர் ஆகிவிட்டேன்.

டீக்கடையில் அவருடைய குணத்துக்கு வைத்திருந்த பெயர் கொழுப்பு. "கேட்டா வாய் தேஞ்சுடுமா? ராஜா வீட்டுப் பிள்ளன்னு நெனப்பு" என்பார்கள். எனக்கு அது கொழுப்பாகத் தோன்றியதில்லை. ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டாவது தடவ கேட்டா, மொத தடவ நீங்க காதுலயே வாங்கலன்னு சொல்ற மாதிரி ஆயிடுதும்மா. மனுஷங்கள அப்படிச் சொல்லலாமா?" என்றார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன், நான் செய்தது அறியாமல் செய்த தவறு இல்லை.

பிரேக் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். முன் சீட்டில் அவர் பக்கத்தில்தான் உட்காருவாள். "அம்மா, மாமா பிரேக்க ரெண்டு தடவ மிதிச்சாத்தாம்மா வண்டி நிக்குது" என்றாள். மறுநாள் கேட்டேன். மறைக்கவில்லை. ஜீப்பின் பானெட்டுக்குக் கீழே குனிந்து கைகாட்டி விளக்கினார். பிரேக் ஆயில் இரும்புக் குழாயில் வந்து, கடைசியில் சக்கரத்துக்குப் போகும் இடத்தில் ரப்பர் குழாய்க்கு மாறுகிறது. சக்கரம் திரும்பும், குலுங்கும். இரும்பு அதற்கு வளையாது, அதனால் ரப்பர். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. அதற்குத்தான் ஹோஸ் என்று பெயர். மூன்றும் வெடிப்பு விட்டிருந்தன. உள்ளே ஊதிப்போய், மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. எங்கள் சாலையில் இடது பக்கம் என்றால் காலையில் வாய்க்கால், மாலையில் ஆறு.

டீக்கடையில் இதற்கும் சிரித்தார்கள். "நம்ம ஊர்ல மேடு ஏது, பள்ளம் ஏது? தாம்பாளத்தக் கவுத்த மாதிரி சமதரை. பிரேக்குக்கு என்னய்யா வேல, காலத் தூக்குனா வண்டி தானா நிக்குது."

"தண்ணியில போயி நிக்கும்" என்றார் அவர்.

ஹோஸ் தேடி அவர் அலைந்தது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று போனார். கடைகள் எல்லாம் புதுசு புதுசாக ஜொலித்தன, எல்லா வண்டிக்கும் எல்லாச் சாமானும் கிடைத்தது, இந்த ஒரு வண்டிக்குத் தவிர. டீசல் ஜீப்பின் ஹோஸைக் கொடுத்தார்கள். அதன் மரை வேறு, இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. இணைப்பு வைத்து மாட்டலாம் என்று ஒரு பட்டறைக்காரர் வேறொரு வண்டியின் ஹோஸை மாட்டிக் காட்டினார். நீளம் அதிகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரில் உரசியது. "பாத்து ஓட்டுனா ஒண்ணும் ஆவாது" என்றாராம் பட்டறைக்காரர். இவர் கழற்றச் சொல்லிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டு வந்தார். கும்பகோணத்தில் பழைய ஸ்பேர் வியாபாரம் செய்யும் ஒரு பாய் மட்டும், "கண்ணுல பட்டா சொல்லி அனுப்புறேன்" என்றிருந்தார்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மத்தியானம் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். வழக்கம்போல் உள்ளே வரவில்லை. கையில் ஒரு தாள், இரண்டு சணல் துண்டுகள். சணலில் இரண்டு முனையிலும் முடிச்சு. ஹோஸின் நீளம் அது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று. தாளில், ஹோஸின் இரும்பு முனையை மையில் தோய்த்து முத்திரை மாதிரி அழுத்தி எடுத்திருந்தார். மரை ஒவ்வொன்றும் மயிரிழையாகத் தெரிந்தது.

"உங்க வீட்டுத் தம்பி இருக்குற ஊர்ல பழைய வண்டிச் சாமான் சந்த இருக்காமேம்மா. அங்க வெள்ளக்காரன் விட்டுட்டுப்போன ஜீப்பெல்லாம் இன்னும் ஓடுதாம். இத லெட்டர்ல வச்சு அனுப்பிச்சீங்கன்னா போதும்மா. அளவு பாத்துக்குவாரு" என்றார்.

"அனுப்பிடறேண்ணே" என்றேன்.

உண்மையாகவே அனுப்பத்தான் நினைத்தேன். என் கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். கடிதத்தின் கடைசிப் பக்கம் எப்போதும் ஊர்ப் பக்கம். யாருக்குத் தைலம், யாருக்கு டார்ச் லைட், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜப்பான் துணி என்று பட்டியல். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு இல்லை என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம்.

அந்த வாரம் என் கணவரிடமிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். அறையில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தானும் எத்தனை நாளோ தெரியாது. 'இனிமேல் யாருக்கும் எதுவும் கேட்டு எழுதாதே. உன் கடிதத்தைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

மாமியாரிடம் படித்துக்காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, "அங்க கஷ்டம்னு வெளிய மூச்சு விட்டுடாத. நாளைக்கே நம்மள வேற மாதிரி பாப்பாங்க. யார் கேட்டாலும் எழுதியாச்சுன்னு சொல்லு. கொஞ்ச நாள்ல அவங்களே மறந்துடுவாங்க" என்றார்.

எல்லோருக்கும் அது சரியாகத்தான் இருந்தது. டார்ச் லைட் கேட்டவர் மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் நான் விழித்து, கடைசியில் அவராகவே விட்டுவிட்டார். ஜீப் அண்ணன் மட்டும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒருநாள், பிள்ளையை ஏற்றிவிடும்போது, மனசு உறுத்தியதில், "எழுதிட்டேண்ணே" என்றேன். கேட்காத கேள்விக்குச் சொன்ன பொய். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். தாளும் சணலும் பீரோவில், கடிதக் கட்டுக்கு அடியில் கிடந்தன.

அந்த ஜீப்பில்தான் என் பிள்ளை தினமும் போய்வந்தாள் என்பதை நினைத்துப்பாருங்கள். என் கணவரின் கட்டளையை மீறக்கூடாது, மாமியார் சொல்லைத் தட்டக்கூடாது, வீட்டு மானம் போகக்கூடாது. இத்தனையும் பார்த்த நான், பிள்ளை உட்காரும் வண்டிக்கு பிரேக் இல்லை என்பதை மட்டும் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். தினமும் ஜீப் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை கை வேலையில் ஓடாது. சத்தம் கேட்டதும், இன்றைக்குத் தப்பித்தோம் என்று இருக்கும். யார் தப்பித்தது?

பங்குனி மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் வாசலில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கும்பகோணத்து பாய் ஸ்கூட்டரில் வந்து நின்றார். திருவையாற்றில் ஏதோ வேலையாம், வழியில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

"என்ன ஜீப்காரரே, உம்ம ஜாதகம் நல்லா இருக்கு. திருவாரூர் பக்கம் உம்ம வண்டிக்கு அண்ணன் தம்பி ஒண்ணு ஒடைக்க வருது. ஹோஸ் மூணும் போன வருஷம்தான் மாத்துனதாம். எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். வெள்ளிக்குள்ள வந்துடும்."

ஜீப் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. சாட்சிக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தார்.

"வேணாம் பாய். ஷார்ஜாவுல சொல்லியாச்சு. டீச்சர் வீட்டுத் தம்பி பாத்துக்கிட்டிருக்காரு."

"அட, அது வர்றப்ப வரட்டும்யா. இத மாட்டும். கையில கெடைக்கிறத விட்டுட்டு கடல் தாண்டி வர்றதுக்குக் காத்திருப்பாரா ஒரு மனுஷன்?"

"தம்பி அங்க லீவு நாள்ல வெயில்ல அலைஞ்சு வாங்கி அனுப்புவாரு. நான் இங்க வேற வாங்கி மாட்டிட்டு நின்னா நல்லா இருக்குமா? ஒருத்தர்கிட்ட சொன்னா சொன்னதுதான்."

பாய் தலையில் அடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எப்ப வரும் அது?"

மூன்று பேரும் நின்றோம். என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். 'எழுதவில்லை' என்று ஒரு வார்த்தை. ஒரு நிமிஷம் அசிங்கப்பட்டிருப்பேன். பாய் ஏதாவது சொல்லியிருப்பார். அவ்வளவுதான். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முதுகில் தெரிந்தது.

"வந்துடும் பாய்" என்றேன்.

"அப்ப சரி. வேற பார்ட்டிக்குக் குடுத்துடறேன்" என்று பாய் ஸ்கூட்டரை உதைத்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், எங்கள் ஊருக்கு இரண்டு மைல் மேற்கே, இன்னொரு மதகுத் திருப்பத்தில் ஹோஸ் வெடித்தது. மிதித்த கால் தரைவரை போனது என்று பிறகு சொன்னார். ஒரு ஹோஸ் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது, அந்தக் காலத்து வண்டி அப்படி. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, களத்தில் கிடந்த வைக்கோல் போரில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினார். ஒன்பது பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் இல்லை. என் மகளுக்கு மட்டும் உதடு கிழிந்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு பால்பல் விழுந்தது.

விழ வேண்டிய பல்தான். ஆனால் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி நின்றுவிட்டது. கடனில் எடுத்த புது வேன் ஒன்று அப்போதுதான் எங்கள் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தது. மறுநாளே மகளை அதில் ஏற்றினேன். நான் ஏற்றியதைப் பார்த்து மற்றவர்களும் ஏற்றினார்கள். "டீச்சரே நிறுத்திட்டாங்க. ஹோஸ் வருதுன்னு சொன்னவங்களே அவங்கதானே" என்று பேசிக்கொண்டதைக் கடையில் என் காதால் கேட்டேன். ஒரு வாரத்தில் ஜீப்பில் ஏறப் பிள்ளை இல்லை.

ஜீப் முட்டிய அன்று சாயங்காலம் அவர் வந்தார். மகள் ஜீப்பில் விட்டிருந்த தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

"பாப்பா எப்படிம்மா இருக்கு?"

"தூங்குறாண்ணே." படியிறங்கி அவர் பக்கத்தில் போனேன். "அண்ணே, அந்த ஹோஸு..."

"வர்றப்ப வரட்டும்மா" என்றார் அவசரமாக, என்னை முடிக்கவிடாமல். "அங்க தம்பிக்கு என்ன செரமமோ, இங்கேருந்து நாம என்னத்தக் கண்டோம். இதெல்லாம் எழுதி அவர பதற வச்சுடாதீங்க."

பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 'என்ன செரமமோ' என்றாரே. தபால்காரர் வழியாக எங்கள் வீட்டு நிலவரம் கசிந்திருந்ததா? எனக்கு அசிங்கம் வேண்டாமென்று வாயை அடைத்தாரா? அல்லது அது சும்மா ஒரு நல்ல மனுஷனின் வார்த்தை மட்டும்தானா?

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை போடவில்லை, சம்பாவும் பாதிக்குப் பாதி கருகியது. உர மூட்டை, நெல் மூட்டை என்று கிடைத்துவந்த சில்லறைச் சவாரியும் நின்றது. ஜீப் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. சீட்டில் கோழி முட்டையிட்டது. சித்திரையில் பழைய இரும்புக்காரர்கள் வந்து அங்கேயே வைத்து அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் அவர் சவூதிக்கு வீட்டு டிரைவர் வேலைக்குப் போனார். நாற்பத்தெட்டு வயதில். புறப்படும்போது எங்கள் வாசலுக்கும் வந்தார். "தம்பிகிட்ட சொல்லுங்கம்மா, அந்தச் சாமான் இனிமே வேணாம். வீணா அலைய வேணாம்" என்றார்.

என் கணவருக்கு எப்படியோ வேலை போகாமல் தப்பியது. அந்த ஆவணியில் லீவில் வந்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பீரோவிலிருந்து தாளையும் சணலையும் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பிப் போனதும், ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பழைய சாமான் சந்தைக்குப் போயிருக்கிறார். மத்தியானத் தொழுகைக்குக் கடை அடைப்பதற்குள் மூன்றும் கிடைத்துவிட்டன. 'இரண்டாவது கடையிலேயே இருந்தது' என்று எழுதியிருந்தார். பாபநாசத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ஏன் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. ஜீப் இல்லாவிட்டாலும், அண்ணன் லீவில் வரும்போது கையில் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் லீவில் வரவில்லை. சவூதியில் இறந்துபோனார். அடக்கமும் அங்கேதான். அவரோடு ஒரே அறையில் இருந்த மன்னார்குடிக்காரர் ஊருக்கு வந்தபோது, நான் அக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் மனைவியைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். "காலையில நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுன்னு சொன்னாருக்கா. வேலைக்குக் கெளம்புற அவசரத்துல, வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடிங்கன்னு சொல்லிட்டேன். மறுபடி ஒண்ணும் சொல்லல. வண்டியத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. மத்தியானம் பாத்தா..." என்று அந்த ஆள் உடைந்து அழுதார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் அழுவதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் செய்ததை அவர் சொல்லிவிட்டார்.

இப்போது பிரச்சினை என்னவென்று சொல்கிறேன். அக்கா என்னைக் குறை சொல்வதில்லை. குறை சொன்னால் தேவலை. தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்தால் முதல் பறிப்பு எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த லீவுக்குப் பிறகு பிறந்த என் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இவங்க அப்பாதான் அந்த மனுஷனுக்காகக் கடல் தாண்டி அலைஞ்சது" என்று கொஞ்சுகிறார். அவர் கோபமெல்லாம் செத்துப்போனவர்மேல். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, நான் இருக்கும்போதே சண்டை போடுகிறார்.

"பாய் ஊரு தேடி வந்து தர்றேன்னாரே, வாங்கித் தொலைச்சியா? உன் வறட்டு வீம்பு! அன்னிக்கு வாங்கியிருந்தா ஜீப்பு ஓடியிருக்கும். நீ இங்க கெடந்திருப்ப. யாருக்காக அந்த வீம்பு? சொல்லேன்!"

யாருக்காக என்று எனக்குத் தெரியும். படத்துக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவரிடம் கேட்டால், "சொல்லி என்ன ஆகப்போகுது? உன் பாரம் இறங்கும், அது அவங்க தலையில ஏறும்" என்கிறார். அதுவும் சரியாகப்படுகிறது. சொல்லாவிட்டால், ஒரு பாவமும் அறியாத மனிதரை அவர் மனைவியே ஆயுள் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பார். அதையும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஹோஸ் மாட்டியிருந்தாலும் ஜீப் வேறு ஏதாவது காரணத்தில் நின்றுபோயிருக்கலாம், தண்ணீர் வராத வருடம், புது வேன் எப்படியும் வந்திருக்கும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பகல் பன்னிரண்டு மணிவரை நம்புகிறேன். நாலரை மணிக்கு வேன் வந்து பிள்ளை இறங்கும்போது நம்ப முடிவதில்லை.

வருகிற மாதக் கடைசியில் மாதா கோயிலில் அவருடைய முதலாண்டு நினைவுப் பூசை. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, படம் போட்டு ஒரு சிறு அட்டை அச்சடிப்பது அவர்கள் வழக்கம். படத்துக்குக் கீழே அவரைப் பற்றி நாலு வரி. அக்கா மூன்று நாள் முன்னால் வந்திருந்தார்.

"நீங்கதான் படிச்சவங்க, டீச்சர். எனக்கு எழுத வந்தா கோவத்துல எதையாவது எழுதிடுவேன். அவர பத்தி நாலு வரி நீங்களே எழுதிக் குடுங்க. சனிக்கிழமைக்குள்ள அச்சாபீஸ்ல குடுக்கணும்."

சரி என்றுவிட்டேன். எதிரே ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். 'சொன்ன சொல் தவறாதவர்' என்று எழுதினேன், அடித்தேன். 'அடுத்தவர் சொன்ன சொல்லையும் நம்பியவர்' என்று எழுதினேன். இதை அக்கா படித்தால் யார் சொல் என்று கேட்பார். அதையும் அடித்துவிட்டேன்.

இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களில் என்னைவிட மூத்தவர்கள், வாழ்க்கையில் அடிபட்டவர்கள் பலர் இருப்பீர்கள். அட்டையை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த மூன்று ஹோஸ்களையும் எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்து, நடந்ததைச் சொல்லிவிடட்டுமா? அல்லது நாலு நல்ல வரி எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் படத்தைத் திட்டும்போதெல்லாம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு விதித்ததா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு கார்டில் எழுதினால்கூடப் போதும். சனிக்கிழமையை இன்னும் மூன்று வாரம் தள்ளிக் கேட்டிருக்கிறேன்.